கண்டிமாநகர் கண்டோம்

"கண்டி" என்னும் சொல் நம் முன்னோர் வாயில் ஒரு நகரத்தின் பெயராக மட்டும் வழங்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த தொழிலாளர் மலைநாடு முழுவதையுமே "கண்டிச் சீமை" என்றனர். சிங்கள மக்கள் இந்நகரைப் பெருநகர் என்ற பொருளில் "மகாநுவர" என்பர். செல்லமாக "நுவர" என்றாலே போதும், எவருக்கும் விளங்கிவிடும். மலைமீதுள்ள நாடு எனப் பொருள்படும் "கந்த உடரட்ட" என்ற சிங்களத் தொடரின் முற்பகுதியைப் போர்த்துக்கேயர் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கியதே "கண்டி" ஆயிற்று என்று அறிஞர் கூறுவர். ஆகவே ஊரின் பெயரே பல மொழியினரின் வாய்ப்பட்டு உருவானது. அவ்வூரைப் பார்க்கப் புறப்படுவோர் இதனை மனத்திற் கொண்டு புறப்படுதல் நலம்.

கண்டிக்குச் செல்வோரிற் பெரும்பாலோர் அந்நகரை அரை நாளிற் பார்த்து முடித்துவிடுகின்றனர். மாளிகையில் ஒரு கும்பிடு, ஏரிக்கரையில் ஒரு படம், பேராதனைத் தோட்டத்து மரநிழலில் ஒரு சோற்றுப் பொதி, பின்னர் வீடு. பாடசாலைச் சுற்றுலாக்களோ இன்னும் விரைவு. பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளை எண்ணிச் சரிபார்ப்பதிலேயே ஆசிரியரின் பொழுது போய்விடும். இம்முறை விடுமுறை வாய்த்தபோது மனைவி மக்களுடன் இரண்டு இரவு தங்கி, அவசரமின்றிப் பார்ப்பதென முடிவு செய்தோம். அங்குக் கண்டவற்றுள் எவை நெஞ்சில் நின்றன என்பதைக் குடும்பத்துடன் செல்ல எண்ணும் அன்பர்க்கும், வரலாறு பயிலும் மாணவர்க்கும் கூற விழைகின்றோம்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 115 கிலோமீட்டர். மாவனல்லையைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகின்றது. காற்றிற் குளிர்ச்சி கலக்கின்றது. கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் உயர்ந்த வெண்கோபுரம் ஒன்று நிற்கக் காணலாம். இச்சாலையை அமைத்த பொறியியலாளருள் முதன்மையானவரும் 1829இல் மறைந்தவருமான கப்டன் டோசன் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. அருகிலேயே பாறையைக் குடைந்து செய்த பழைய வழியும் உளது. மலையைத் துளைத்து வருபவனே கண்டியை ஆள்வான் என்று மக்களிடையே ஒரு வாக்கு வழங்கியதாம். வாக்கு எவ்வாறாயினும், ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றியது 1815இல்; சாலை அமைந்தது அதன் பின்னர், ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தில். பிடித்த நகரை விடாது வைத்திருக்க உதவியது இச்சாலையே.

அதற்கு முன்னர் அந்நகரைப் பிடித்து வைத்திருக்க வல்லார் இலர். மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, குன்றுகள் சூழ்ந்து நிற்க, கணவாய்களை அடைத்துக்கொண்டாற் போதும், கண்டி தானே ஒரு கோட்டை. முதலாம் விமலதர்மசூரியன் 1592இல் அங்கு முடிசூடிய பின்னர், 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. 1765இல் ஒல்லாந்தர் நகருக்குள் நுழைந்தும் நிலைக்க இயலாது திரும்பினர். 1803இல் உட்புகுந்த ஆங்கிலப் படைக்கும் பேரழிவே நேர்ந்தது. கரையோரம் முழுவதும் அந்நியர் வசமாயிருந்த காலத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தனித்து நின்ற அரசு அது. இதனை அறிந்து நகருக்குள் நுழையும்போது, அக்குன்றுகள் வெறும் காட்சியாகத் தோன்றுவதில்லை.

முதல் நாள் தலதா மாளிகைக்குச் சென்றோம். வாயிலில் காவலர் எங்கள் பைகளைத் திறந்து சோதித்தனர். "கோயிலுக்குள் போகிறவர்களை ஏன் அப்பா சோதிக்கிறார்கள்?" என்று மகள் கேட்டாள். 1998ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் விடுதலைப் புலிகள் அவ்வாயிலில் வெடிக்கச் செய்த குண்டினால் வழிபட வந்தோர் உட்படப் பலர் மாண்டதையும் மாளிகையின் முகப்புச் சிதைந்ததையும் கூறினோம். 1983ஆம் ஆண்டு யூலையில் இந்நகரத் தெருக்களில் தமிழர் கடைகள் எரிந்ததையும் கூறினோம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் முறையாகாது. சிதைந்த முகப்பு இன்று செப்பனிடப்பட்டு அழகுற விளங்குகின்றது. பார்ப்பவர் கண்ணுக்கு வடு தெரியாது.

மாலைப் பூசை வேளையில் மேளங்கள் முழங்க, வெண்ணிற ஆடையணிந்த மக்கள் தாமரையும் அலரியும் ஏந்தி வரிசையாய் நிற்கும் காட்சி உள்ளத்தை உருக்குவது. புத்தபெருமானின் புனித தந்தம் பேழைக்குள்ளேயே இருக்கும். வழக்கமாக நாம் காண்பது பொற்பேழையை மட்டுமே. முதியோரும் கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் அந்த ஒரு கணத்திற்காக நெடுநேரம் காத்து நிற்கின்றனர். நல்லூரிலும் திருக்கேதீச்சரத்திலும் அடியார் நிற்கும் நிலைக்கும் இதற்கும் யாம் வேற்றுமை கண்டிலோம்.

மாளிகையின் அயலிலேயே தேவாலயங்களும் உள. நாததேவாலயம் 14ஆம் நூற்றாண்டினது. இந்நகரில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது அதுவே எனக் கருதப்படுகின்றது. அதன் கருங்கல் விமானம் நம் தென்னாட்டுக் கோயில்களை நினைவூட்டுகின்றது. விட்டுணுவுக்கு ஒரு தேவாலயம். கதிர்காமக் கந்தனுக்கு ஒன்று. பத்தினித் தெய்வத்துக்கு ஒன்று. பத்தினி எனப்படுபவள் நம் கண்ணகியே. அவளுக்கு விழா எடுத்த கயவாகு வேந்தன் பெயர் சிலப்பதிகாரத்திலும் வருகின்றது. ஆடி மாதத்தில் எசல பெரஹரா நிகழுங்கால் மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து இந்நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் முறையே செல்லும். சற்றுத் தள்ளி ஆங்கிலத் திருச்சபையின் தூய பவுல் ஆலயம் செங்கல் நிறத்தில் நிற்கின்றது. கட்டுக்கலையில் நம் செல்வ விநாயகர் கோயில் கொண்டிருக்கின்றார். நகர்க்குள்ளேயே மீரா மக்காம் பள்ளிவாசலும் உளது.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு ஏரிக்கரைச் சுவரோரம் அமர்ந்திருந்தபோது, எட்டாம் ஆண்டிற் படிக்கும் நம் மகன் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, இவ்வளவும் பார்த்தோமே, இதிலே எங்களுடையது எது?"

எளிய விடை ஒன்று நாவின் நுனியில் நின்றது. எதிரே தெரிந்த எண்கோண மண்டபத்தைக் காட்டி, "இதைக் கட்டியவன் தென்னாட்டிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன், ஆகவே இது எங்களுடையது" என்று கூறியிருக்கலாம். கூறியிருப்பின் பிள்ளை மகிழ்ந்திருப்பான். ஆயின் அது அரை உண்மை. முழு உண்மையை அறிய வேண்டுமாயின் அந்த அரசர்களின் கதையைச் சற்று நிதானமாகப் பார்த்தல் வேண்டும்.

கண்டியரசன் நரேந்திரசிங்கன் 1739இல் பட்டத்தரசிக்கு மகப்பேறின்றி இறந்தபோது, மதுரை நாட்டிலிருந்து வந்த அவ்வரசியின் தம்பி சிறீ விஜயராஜசிங்கன் என்ற பெயருடன் அரியணை ஏறினான். அன்று தொடங்கி 1815 வரை நாயக்கர் நால்வர் கண்டியை ஆண்டனர். தெலுங்கு வழியில் வந்து, தமிழகத்தில் வாழ்ந்து, சைவ வைணவ நெறிகளிற் பயின்றவர்கள், சிங்கள நாட்டில் பௌத்தத்தின் காவலராயினர். அவருள் கீர்த்திசிறீ இராஜசிங்கனின் பணி பெரிது. பிக்குமாரின் உயர்நிலைத் தீட்சை இந்நாட்டில் அற்றுப்போயிருந்த வேளையில், சீயம் நாட்டுக்குத் தூதனுப்பி, உபாலி தேரரை வரவழைத்து, 1753இல் அதனை மீண்டும் நிலைநாட்டியவன் அவன். இன்று இலங்கையில் பெருந்தொகையினரான பிக்குமார் சேர்ந்துள்ள நிக்காயத்துக்குச் "சீயம் நிக்காயம்" என்ற பெயர் வந்தது அதனாலேயே. நெற்றியில் நீறணிந்து வளர்ந்த ஒருவன் பௌத்த சங்கத்துக்கு உயிரூட்டினான். அவனை எவர் பக்கத்திற் சேர்ப்பது?

இறுதி அரசன் சிறீ விக்கிரமராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. 1798இல், ஏறத்தாழப் பதினெட்டு வயதில் முடிசூடினான். எண்கோண மண்டபமும், ஏரியும், ஏரிக்கரையிலே முகிலலைபோல வளைந்து வளைந்து செல்லும் சுவரும் அவன் காலத்தவை. அவற்றை வகுத்த சிற்பாசாரி தேவேந்திர மூலாசாரி. வயலாகக் கிடந்த நிலத்தை அணையிட்டு மறித்து, 1807 முதல் 1812 வரையில் ஏரி அமைக்கப்பட்டது. இன்று காதலரும் கிழவரும் உலாவும் அக்கரையை எழுப்ப மண் சுமந்தவர் கூலிக்கு வந்தவரல்லர். "இராஜகாரிய" என்ற கட்டாய ஊழியத்திற்கு அழைக்கப்பட்ட குடியானவர். தம் வயலை விட்டு வந்து அரசனின் வனப்புக்கு மண் சுமந்தனர். மறுத்தோர் கொடிய தண்டனை பெற்றனர் என்று செவிவழிச் செய்தி கூறுகின்றது. மக்களின் மனம் அரசனிடமிருந்து விலகியதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. பிரதானிகளின் பகையும், அவர்தம் குடும்பங்கள்மீது அவன் நடத்திய கொடுமைகளும், ஆங்கிலேயரின் சூழ்ச்சியும் அத்துடன் கூடின. மூன்று ஐரோப்பிய வல்லரசுகளும் படையால் நிலைநாட்ட முடியாத ஆட்சிக்கு உட்பகை வழி திறந்தது.

1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் அரசன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள், மாளிகையின் அருகிலுள்ள அரசிருக்கை மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் அம்மண்டபத்தை இன்றும் காணலாம். கையொப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுட் சிலர் தமிழும் கிரந்தமும் கலந்த எழுத்தில் தம் பெயரை இட்டனர் என்பது மாணவர் கருத்திற் கொள்ளத்தக்கது. அரசனையோ ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினர். அங்கேயே சிறையிருந்து 1832இல் மாண்டான். பாலாற்றங்கரையில் அவனது சமாதி "முத்து மண்டபம்" என்ற பெயருடன் விளங்குகின்றது. கண்டி ஏரியைக் கண்டோர், வேலூர் செல்ல வாய்ப்பின், அதனையும் காண்பாராக.

மறுநாட் காலை நகரின் தென்மேற்கே கிராமப் பகுதியிலுள்ள மூன்று பழங்கோயில்களைக் காணச் சென்றோம். முதலாவது கடலாதெனிய. 1344இல் எழுந்த இக்கற்கோயிலை அமைத்தவர் கணேசுவராசாரி என்ற தென்னாட்டுச் சிற்பி என்பது அங்குள்ள கல்வெட்டாற் புலனாகின்றது. புத்தர் உறையும் இல்லத்தின் தூணும் தளமும் நம் திராவிடக் கட்டடக் கலையின் வழியன.

இரண்டாவது இலங்காதிலகம். பாறையொன்றின் முடியில் செங்கல்லால் எழுந்த உயர்ந்த கோயில் அது. முன்வாயிலால் நுழைந்தால் புத்தர். மறுபுறத்தால் நுழைந்தால் விட்டுணு, கந்தன், கணபதி, விபீஷணன் முதலிய தெய்வங்கள். ஒரே சுவர், இரு வழிபாடு. கோயிலுக்குப் பக்கத்திலே வெறும் பாறையில் ஒரு கல்வெட்டு உளது. அதே 14ஆம் நூற்றாண்டில், கம்பளை மன்னன் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், இக்கோயிலுக்கு வழங்கப்பட்ட நிலங்களையும் ஏற்பாடுகளையும் அது கூறுகின்றது. சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. வெயிலும் மழையும் பட்டு எழுத்துகள் தேய்ந்துள்ளன. நம் மகன் குந்தியிருந்து, ஓரிரு தமிழ் எழுத்துகளை அடையாளம் கண்டு மகிழ்ந்தான். அவனருகே வழிபட வந்த ஒரு சிங்களச் சிறுவனும் குனிந்து தன் எழுத்தைத் தேடினான். அந்நாளைய வழக்கில் அரசனின் அறிவித்தலை இரு மொழியினரும் அறிதல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கியிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் நாம் அதற்காக எத்துணைப் பாடுபட்டோம்!

மூன்றாவது எம்பெக்கே. கதிர்காமத் தேவனுக்குரிய இத்தேவாலயத்தின் மேள மண்டபத்துத் தூண்களை நேரிற் காண வேண்டும். கட்டிப்புரளும் மல்லர், கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவையாகிய கண்டபேருண்டம், ஆடும் மகளிர், குழந்தைக்குப் பாலூட்டும் தாய். எல்லாம் மரத்திற் செதுக்கியவை. கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒரே ஆணி பூட்டிப் பிடித்திருக்கும் திறத்தைத் தச்சர் இன்றும் வந்து பார்க்கின்றனர். தாய் உருவத்தின் முன் நெடுநேரம் நின்ற நம் மனைவியார், "இதைச் செதுக்கினவன் வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்திருக்கும்" என்றார். ஆராய்ச்சி நூல்களில் இக்கூற்றைக் காண முடியாது. ஆயினும் அத்தூணைப் பற்றி நாம் கேட்டவற்றுள் இதுவே சிறந்தது.

பிற்பகல் பேராதனைப் பூந்தோட்டம். மகாவலி வளைத்துக் காக்கும் 147 ஏக்கர் நிலம். 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பாரால் தாவரத் தோட்டமாகத் தொடங்கப்பெற்றது. அரசபனைச் சாலையும், பந்தலென விரிந்த பெரிய அத்திமரமும், 1961இல் வந்த விண்வெளி வீரர் யூரி ககாரின் நாட்டிய மரமும் பிள்ளைகளைக் கவர்ந்தன. அருகிலேயே பல்கலைக்கழகம். 1952இல் கொழும்பிலிருந்து இங்குக் குடிபெயர்ந்தது. குன்றின்மேல் குறிஞ்சிக்குமரன் கோயில் கொண்டிருக்கின்றான். இதே வளாகத்திற் பேராசிரியர் சரச்சந்திர சிங்கள நாடக மரபைத் தேடியபோது, தமிழ்க் கூத்தின் வழிவந்த நாடகம என்ற வடிவைக் கண்டெடுத்தார்; 1956இல் அவர் அரங்கேற்றிய மனமே நாடகம் அதன் பயன். அதனைக் கண்ட ஊக்கத்தினாற் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை 1960களில் மேடைக்குக் கொணர்ந்தார். வாங்கியதும் கொடுத்ததும் இரு சாராரிடத்தும் உள.

திரும்பும் நாட் காலை, நகருக்கு மேலேயுள்ள அந்தானைக்குச் சென்றோம். 1925இல் எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் தெயிலரின் பொருள்களும், பழைய உருட்டு இயந்திரங்களும் அங்கு உள. மேல்தளத்திலிருந்து தேநீர் அருந்தியபடி கண்டியின் குன்றுகளை நோக்கலாம். அம்மேசையிலிருந்து பார்க்குமிடமெல்லாம் பசுமை. அப்பசுமைக்குக் காரணமானவர் மன்னார்க் கரையிறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தோர் பலர். "கண்டிச் சீமை" என்ற சொல்லை நம் மொழிக்குத் தந்தவர் அவர்களே. 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் பல்லாயிரவரைக் கப்பலேற்றிற்று. எஞ்சி நாடற்றிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே குடியுரிமை கிட்டியது. அந்தானைச் சரிவில் லயங்கள் இன்றும் உள. கொழுந்துக் கூடையுடன் வந்த ஒரு தாயிடம் வழி கேட்டோம். "நேரே போங்க சார், பைய போங்க, ரோடு வழுக்கும்" என்று சிரித்த முகத்துடன் சொல்லிச் சென்றார்.

செல்ல எண்ணும் அன்பர்க்குச் சில குறிப்புகள். மாளிகைக்குச் செல்வோர் தோளும் முழங்காலும் மறைய உடுத்தல் வேண்டும், வெண்ணிறம் சிறப்பு. பூசை வேளைக்கு அரை மணி முன்னரே சென்றால் மேள முழக்கத்தைக் கேட்கலாம். மூன்று கோயில்களையும் ஒரே காலையிற் பார்த்துவிடலாம். பாறையிற் செருப்பின்றி ஏற வேண்டியிருத்தலின் வெயில் ஏறுமுன் செல்க. தோட்டத்துக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குக. மழைக்குக் குடை, அட்டைக்குச் சிறிது உப்பு. மாணவர் ஒவ்வொருவரும் குறிப்பேடு ஒன்றைக் கொண்டு சென்று, ஒரு கட்டடத்தைக் கண்டால் மூன்று வினாக்களுக்கு விடை தேடுக. ஆணையிட்டவர் யார்? வகுத்தவர் யார்? சுமந்தவர் யார்? முதல் வினாவுக்கு விடை பெயர்ப்பலகையிலேயே இருக்கும். இரண்டாவதற்குக் கல்வெட்டைப் படிக்க வேண்டும். மூன்றாவதற்குப் பலகையும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

ஏரிக்கரையிற் கேட்ட கேள்விக்கு நாம் மகனிடம் கூறிய விடை இதுவே: ஏரியை ஆணையிட்டவன் மதுரை வழியினன், மண் சுமந்தவன் சிங்களக் குடியானவன். கடலாதெனியக் கல்லைச் செதுக்கியவன் தென்னாட்டான். அதிலே வழிபட்டுக் காத்தவர் சிங்கள மக்கள். மலையைப் பசுமையாக்கியவர் நம் மக்கள்; அதன் வருவாயால் வாழ்ந்தது நாடு முழுவதும். பங்கு பிரித்துக் காட்டப் புகுந்தால் ஒரு தூணைக்கூட எவரும் தனியே எடுத்துச் செல்ல முடியாது. எம்பெக்கேயின் ஓராணியைப் போல, ஒரு கைமரத்தை உருவினாலும் கூரை நில்லாது. "அப்போது எல்லாவற்றிலும் எங்களுக்குக் கொஞ்சம் இருக்கிறதா?" என்றான். "உண்டு, மற்றவர்க்கும் உண்டு. அதனாலேயே எல்லாவற்றையும் பேணும் கடமையும் உண்டு" என்றோம்.